எழுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது

மிஸ் வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றி நின்றவர்களைத்தான் பார்த்தார்.

"இதைக் கடைசியாத் தொட்டது யாரு?"

வீட்டுக்காரி லேபக்கா தன் கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் ஜன்னலைப் பார்த்தான்.

"கேள்வி கேட்டா பதில் வரணும். தெரியலைன்னா, தெரியலைன்னு வாயைத் திறந்து சொல்லணும்," என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் மிஸ். பதினைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவர். இப்போது பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வேலை மாறியதே தவிர குரல் மாறவில்லை. அவர் கடைக்குப் போகிற பெரிய மனிதர்கள்கூடக் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

"தெரியலை மிஸ்," என்றான் கொழுந்தன்.

தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள் லேபக்கா.

இந்த வீட்டைத் தொடர்ந்து கவனித்து வருகிறவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிப் போகலாம். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்கு விஷயம் இதுதான்.

லேபக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். போன திங்கட்கிழமை அவர் பொறுப்பில் இருந்த ஆறு மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் நழுவி, கீழே வந்து மோதியது. உள்ளே இருந்த பெண்ணுக்கு இரண்டு கணுக்காலும் நொறுங்கிவிட்டன. மெக்கானிக்கை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது கம்பெனி. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை.

மெக்கானிக் சொல்வது ஒன்றுதான். ஏப்ரல் மாத சர்வீஸிலேயே பிரேக்கில் எண்ணெய் கசிவதைப் பார்த்துவிட்டேன், புது லைனிங் பட்டை வேண்டும் என்று கம்பெனியின் உதிரிபாக ஸ்டோருக்குப் போன் பண்ணினேன், வரவில்லை, மே மாதமும் கேட்டேன், வரவில்லை. இதற்கு ஆதாரம் போட்டோ. சர்வீஸ் செய்யும் ஒவ்வொரு மாதமும், அன்றைய தேதி எழுதிய சீட்டை பிரேக்குக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வைக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். ஆபீஸில் வருஷக் கடைசியில்தான் கேட்பார்கள், அதுவரை அவரவர் பொறுப்பு. மெக்கானிக் அவற்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவார்.

அந்த ஸ்டோரின் பொறுப்பாளர் வேறு யாருமில்லை, இதே வீட்டு மாடி அறையில் இருக்கும் கொழுந்தன்தான். மெக்கானிக்கின் கூடப் பிறந்த தம்பி. எனக்குப் போனே வரவில்லை என்று சாதிக்கிறான். ஆக, போட்டோ கிடைத்தால் அண்ணன் தப்பிப்பார், தம்பி மாட்டுவான். கிடைக்காவிட்டால் தலைகீழ். ஒரு வாரமாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

இப்படியிருக்கையில் வியாழக்கிழமை சாயங்காலம் லேபக்கா வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், அது எழுந்திருக்கவே இல்லை. யாரோ புது சிஸ்டத்துக்கு மாற்ற முயன்றிருக்கிறார்கள், பாதியில் கெட்டுப்போயிருக்கிறது. அன்று பகல் முழுக்க வீட்டில் இருந்த ஒரே ஆள், காய்ச்சல் என்று லீவு போட்டிருந்த கொழுந்தன்.

மிஸ் பட்டனை அமுக்கினார். கம்ப்யூட்டர் கம்பெனியின் சின்னம் வந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு திரை நீலமாகி, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்துவிட்டு அணைந்தது. மறுபடி தானே உயிர் பெற்றது. மறுபடி புள்ளிகள்.

"மூணு நாளா இதேதான் மிஸ்," என்றாள் லேபக்கா.

"மூணு நாளும் பார்த்துக்கிட்டேவா இருந்தீங்க? பாதியிலயே மூணு தடவை அணைச்சா, நாலாவது தடவை அதுவே ரிப்பேர் மெனுவைக் காட்டும்." மிஸ் சொன்னபடியே செய்தார். நாலாவது தடவை மெனு வந்தது. பழைய சிஸ்டத்துக்கே திரும்பிப் போ என்று கட்டளை கொடுத்தார். அரை மணி நேரம் யோசித்துவிட்டு, முடியாது என்று கையை விரித்தது கம்ப்யூட்டர்.

"பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுடலாமே மிஸ்?" என்றான் கொழுந்தன்.

லேபக்காவுக்குச் சுரீர் என்றது. இதைவிட என்ன வேண்டும்? ஏற்கெனவே அவள் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்தவன் இவன். போட்டோ போனால் தப்பிக்கிறவன் இவன். இத்தனை வருஷத்தில் குடித்த டம்ளரைக் கழுவி வைக்காதவன், வெள்ளிக்கிழமையிலிருந்து வேளா வேளைக்கு டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டுகிறான். அவள் ஒரு வாய் குடிக்கவில்லை. டீயில் ஒன்றும் கலந்திருக்க மாட்டான்தான், ஆனால் குடித்தால் பேச வேண்டியிருக்குமே.

"டேட்டா இருக்கற டிஸ்க்கை அழிக்கச் சொல்ற ஆளை, என் கிளாஸ்ல பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சிருப்பேன்," என்றார் மிஸ். "முதல்ல உள்ள இருக்கறதைக் காப்பி எடுக்கணும். அப்புறம்தான் வைத்தியம்."

பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினார். அதற்குள்ளேயே ஒரு சின்ன சிஸ்டம் இருக்கிறதாம். கெட்டுப்போனதை எழுப்பாமல், அதை வைத்து டிஸ்க்கை மட்டும் திறந்து பார்க்கலாமாம். கொஞ்ச நேரத்தில் திரையில் வேறு மாதிரி படம் வந்தது. மிஸ் இரண்டு மூன்று தடவை தட்டினார். மஞ்சள் நிறத்தில் வரிசையாக ஃபோல்டர்கள் தெரிந்தன.

"எல்லாம் உசிரோடதான் இருக்கு," என்றார்.

லேபக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் மானம் பிழைத்தது. இருபத்திரண்டு வருஷம் எண்ணெயும் கிரீஸுமாக வீட்டுக்கு வந்த மனுஷனை, நாளைக்கு நாலு பேர் முன்னால் கூண்டில் நிறுத்தியதுபோல் நிறுத்தி, வேலை செய்யாதவன் என்று சொல்லிவிட முடியாது.

மெக்கானிக் வீட்டில் இல்லை. தொழிற்சங்கச் செயலாளரைப் பார்க்கக் காலையிலேயே போய்விட்டார். மிஸ் வரப்போகிறார் என்று அவருக்குத் தெரியாது. சொன்னால் தடுப்பார். வியாழக்கிழமை ராத்திரியிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார்: "விடும்மா, போனது போகட்டும். கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னா நம்பாமலா போயிடுவாங்க?" நொந்துபோய்ப் பேசுகிறார் என்று அவளும் வாதாடவில்லை. தானே போய் மிஸ்ஸைக் கூட்டி வந்துவிட்டாள்.

காப்பி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றது திரை. மிஸ் சும்மா இருக்கிற ரகமில்லை. அந்த நேரத்தில் வேறு எதையோ திறந்து, நெடுக இருந்த எழுத்துகளை மேலும் கீழும் நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன மிஸ்?"

"டைரி மாதிரி. புது சிஸ்டம் ஏறும்போது, எப்போ ஆரம்பிச்சேன், என்ன பண்ணேன்னு தானே எழுதி வெச்சுக்கும்." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அதுவா ஏறிடுச்சுன்னுதானே சொன்னீங்க?"

"நான் சொல்லலை. இவன் சொன்னான்."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் அண்ணி," என்றான் கொழுந்தன்.

"அதுவா ஏறலை. ஒரு வருஷமா 'இப்பவா, பிறகா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. உங்க வீட்ல எல்லாரும் பிறகு, பிறகுன்னே அமுக்கியிருக்கீங்க. வியாழக்கிழமை காலையில ஒன்பது இருபதுக்கு யாரோ 'இப்ப'ன்னு அமுக்கியிருக்காங்க. கடைசி வரி பதினொன்னு நாற்பத்தேழு. எழுபத்திரண்டு சதவீதம். அதுக்கப்புறம் ஒரு வரிகூட இல்லை."

"அப்படின்னா?"

"ஓடிட்டிருக்கும்போதே யாரோ கரென்டை நிறுத்தியிருக்காங்க. புதுசும் முழுசா ஏறலை, பழசும் முழுசா இல்லை. அணைக்காதீங்கன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கும், தெரியாமப் பண்ண முடியாது."

லேபக்கா அதற்கு மேல் பொறுக்கவில்லை. மூன்றாவது மனுஷி இருக்கிறாரே என்றும் பார்க்கவில்லை.

"இன்னும் எதுக்கு நிக்கற? உன் வேலை போயிடும்னு உன் அண்ணன் தலையில கைய வெச்சுட்டியே! உனக்கு எத்தனை வருஷம் நான் சோறு போட்டிருக்கேன்?"

கொழுந்தன் முகம் சிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து பூனைபோல் நடந்தவன், இப்போது குரலை உயர்த்தினான்.

"நான் கம்ப்யூட்டர் பக்கமே வரலை அண்ணி. நூத்திரண்டு டிகிரி காய்ச்சல்ல மாடியில கிடந்தேன். ஒன்பது மணிக்கு கேட் திறக்கற சத்தம் கேட்டுச்சு. அண்ணன் திரும்பி வந்துட்டான்னு நினைச்சேன். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி என் ஃபேன் நின்னுபோச்சு. அப்புறம் கேட்டை மூடற சத்தம். நான்தான் தள்ளாடிக்கிட்டு இறங்கி வந்து மெயின் சுவிட்சைப் போட்டேன்."

"மெயினா?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டாங்க."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாகக் கிளம்புகிறவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போக வேண்டும். ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனி லைன். ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்துப் போய் மேஜை கருகியதிலிருந்து, மெக்கானிக் போட்ட சட்டம் அது. வெளியார் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. திருடன் வந்தாலும் மெயினை அணைத்துவிட்டுப் போகமாட்டான்.

"ஏன் இதை இத்தனை நாளாச் சொல்லலை?"

"யாரு கேட்டீங்க? என்கூடப் பேசறதையே நிறுத்திட்டீங்க. டீ குடுத்தாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கறீங்க. சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் டீயோட வந்தேன்."

"அவர் எட்டரைக்கே தலைமை ஆபீஸுக்குப் போயிட்டார். சாயங்காலம்தான் வந்தார். பொய் சொல்லாதே."

"நான் பார்த்தேன்னு சொல்லலையே. கேட்டதைச் சொன்னேன்."

இந்த இடத்தில் லேபக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தெருவே அவளை லேபக்கா என்று கூப்பிடுவது சும்மா இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களை வாங்கி வைக்கும் மேஜை அவளுடையது. குழாயில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு பெயர், ஒரு தேதி. கூட வரும் தாளில் ஒரு பெயர், ஒரு தேதி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பெரிய டாக்டரே போன் பண்ணிக் கெஞ்சினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். போன செவ்வாய்க்கிழமை வந்த குழாய்களில் ஒன்று, லிஃப்டில் விழுந்த அந்தப் பெண்ணுடையது. வயசு முப்பத்தொன்று என்று போட்டிருந்தது. பெயரும் தேதியும் சரியாக இருந்தன. லேபக்கா அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். மன்னிச்சுக்கோம்மா, என் புருஷன் மேல் தப்பில்லை என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் உள்ளே அனுப்பினாள்.

அதனால் இப்போதும் அவள் வாய் கொழுந்தனைத் திட்டியதே தவிர, மூளை கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. எட்டரைக்குப் போனவர், ஒன்பதுக்குக் கேட் திறந்த சத்தம், ஒன்பது இருபது, பதினொன்று நாற்பத்தேழு. ஒத்துப்போகிறதே என்று பயந்தாள்.

"மிஸ், போட்டோவைத் தேடுங்க. 'சர்வீஸ்'னு ஒரு ஃபோல்டர்ல போட்டிருப்பார்."

ஃபோல்டர் இருந்தது. பழைய வருஷத்துப் போட்டோக்கள் எல்லாம் இருந்தன. இந்த வருஷம் பிப்ரவரி வரை இருந்தன. மார்ச்சிலிருந்து ஒன்றும் இல்லை.

கொழுந்தன் ஏளனமாகச் சிரித்தான். "இருந்தாத்தானே இருக்கும்."

"அவசரப்படக் கூடாது," என்றார் மிஸ். "அழிச்சதெல்லாம் உடனே போயிடாது. குப்பைத் தொட்டிக்குப் போய் உட்கார்ந்திருக்கும். அதையும் காலி பண்ணினாத்தான் கஷ்டம்." வேறொரு மறைவான இடத்தைத் திறந்தார். நாலு போட்டோக்கள் இருந்தன. "இதோ. வியாழக்கிழமை ஒன்பது பத்துக்கு அழிச்சிருக்காங்க. அப்புறம் பத்து நிமிஷத்துல சிஸ்டம் மாத்த ஆரம்பிச்சிருக்காங்க."

லேபக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ் முதல் போட்டோவைத் திறந்தார். இரும்புச் சக்கரம், அதைக் கவ்விப் பிடித்திருக்கும் பிரேக், பக்கத்தில் ஒரு கை. கையில் சீட்டு. மார்ச் 11 என்று மெக்கானிக்கின் சாய்ந்த எழுத்து.

இரண்டாவது, ஏப்ரல் 11. மூன்றாவது, மே 11.

"இருக்கு!" என்று கத்திவிட்டாள் லேபக்கா. "ஏப்ரலும் இருக்கு, மேயும் இருக்கு. இப்ப என்ன சொல்ற?"

கொழுந்தன் திரைக்குக் கிட்டத்தில் போய்க் குனிந்தான். ஸ்டோரில் பதினோரு வருஷம் இந்தச் சாமான்களோடு புழங்குகிறவன். "எண்ணெய் எங்க அண்ணி? ஏப்ரல்லயே கசிஞ்சுதுன்னு சொன்னானே. சுத்தமா இருக்கு பாருங்க. மூணுலயும் ஒரே லைனிங், ஒரே தூசு."

லேபக்கா பிரேக்கைப் பார்க்கவில்லை. அவளுக்கு அது புரியவும் புரியாது. அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலில் நீல நிறப் பிளாஸ்திரி. லேபில் மட்டும் வாங்கும் பிளாஸ்திரி அது, கடையில் கிடைக்காது. மார்ச் மாதம் டப்பா மூடி கிழித்து ரத்தம் கொட்டியபோது, அவளே கொண்டுவந்து ஒட்டியது. நாலைந்து நாளில் காயம் ஆறிவிட்டது.

மார்ச்சில் பிளாஸ்திரி இருந்தது. ஏப்ரலிலும் இருந்தது. மேயிலும் அதே பிளாஸ்திரி, அதே ஓரத்தில் பிரிந்து தொங்கியது.

"மிஸ், இது என்னைக்கு எடுத்ததுன்னு பார்க்க முடியுமா? சீட்டுல எழுதியிருக்கறது இல்லை. நிஜமா எடுத்த நாள்."

மிஸ் தட்டினார். மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். வகுப்பில் பதில் சொல்லத் தயங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் லேபக்காவைப் பார்த்தார்.

"மார்ச் பதினொன்னு, காலையில பதினொன்னு ஆறு. அடுத்தது பதினொன்னு ஏழு. அதுக்கடுத்ததும் பதினொன்னு ஏழு."

"நாலாவது?"

நாலாவது போட்டோ திறந்தது. அதே சக்கரம், அதே பிரேக், அதே பிளாஸ்திரி. சீட்டில் ஜூன் 11 என்று எழுதியிருந்தது.

ஜூன் இன்னும் பிறக்கவே இல்லை.

 

லேபக்காவுக்கு எல்லாம் புரிந்தது, புரியக் கூடாது என்று நினைத்தும் புரிந்தது. மார்ச்சில் ஒரே நாளில் நாலு மாசத்துக்கும் சேர்த்து எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துப் பக்கமே போகவில்லை. லிஃப்ட் விழுந்ததும், போட்டோ இருக்கிறது என்று வாயைவிட்டார். இருக்கிறது என்று சொன்னதைக் காட்டியாக வேண்டும். காட்டினால் சுத்தமான பிரேக் தெரியும், வண்டவாளம் வெளியே வரும். சும்மா அழித்தால் எங்கே என்று கேட்பார்கள். கம்ப்யூட்டரே போய்விட்டால் யார் கேட்பார்கள்? அதனால் புது சிஸ்டத்தை ஏறவிட்டு, எழுபத்திரண்டு வரும் வரை இரண்டரை மணி நேரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்துபோய் மெயினை அணைத்திருக்கிறார்.

கோபத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு அன்னியப் பெண்ணிடம் அவருக்காக மன்னிப்புக் கேட்டோமே என்று உடம்பு கூசியது. அடுத்து கொழுந்தன் ஞாபகம் வந்தது. மூன்று நாளாக இவனைக் கரித்துக் கொட்டினோமே!

திரும்பி அவனைப் பார்த்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். குதிக்க வேண்டிய நேரம்தானே? இந்தப் போட்டோவைக் காட்டினால் அவன் சுத்தமாகத் தப்பிவிடுவான்.

கொழுந்தன் குதிக்கவில்லை. ஏப்ரல் 11, மே 11 என்ற இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் இருந்த வெற்றியெல்லாம் வடிந்திருந்தது.

"போதும் மிஸ். மூடிடுங்க," என்றான் மெதுவாக.

"ஏன்? இதுதானே உனக்கு வேணும்?" என்றாள் லேபக்கா.

"குடும்ப விஷயம் அண்ணி. நாளைக்கு இதையெல்லாம் காட்ட வேண்டாம். கம்ப்யூட்டர் ஓடலைன்னே சொல்லிடுவோம்."

அதே வார்த்தை. அண்ணன் மூன்று தடவை சொன்ன அதே வார்த்தையைத் தம்பியும் சொன்னான். 

மிஸ் நாலு போட்டோவையும், எடுத்த நேரம் அழித்த நேரம் காட்டும் பக்கங்களையும், அந்த டைரியையும் இன்னொரு சின்னப் பென்டிரைவில் போட்டார். அதை மேஜையில் வைக்கவில்லை. லேபக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"மத்ததை நாளைக்குச் சாயங்காலம் வந்து சரி பண்றேன். இதைத் தொலைச்சிடாதீங்க," என்று பையை மாட்டிக்கொண்டார். பதினைந்து வருஷ ஆசிரியைக்கு எந்த நேரத்தில் வகுப்பைவிட்டு வெளியேற வேண்டும் என்று தெரியாதா? கேட்டருகே எதிரில் வந்த மெக்கானிக்குக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

மெக்கானிக் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். திறந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அவங்க எதுக்கு வந்தாங்க? கிடைச்சுதா?"

கிடைக்கவில்லை என்று சொல்லேன் என்று கெஞ்சும் குரல் அது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?

"கிடைச்சுது," என்றாள்.

"நல்லதாப் போச்சு," என்றார். நெற்றி வியர்த்துவிட்டது.

"ஜூன் மாச சர்வீஸை எப்போ முடிச்சீங்க?"

அவர் மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின்தான் செருப்பு ஞாபகம் வந்து கழற்றினார். அதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஏப்ரல் பதினொன்னாம் தேதி டூல் பையோட கிளம்பினீங்க. மே பதினொன்னாம் தேதியும் கிளம்பினீங்க. ரெண்டு நாளும் அந்தக் கட்டடத்துல சர்வீஸ்னு சொல்லித்தான் போனீங்க, நான்தான் சாப்பாடு கட்டிக் குடுத்தேன். சாயங்காலம் டப்பா காலியாத்தான் திரும்பி வந்துச்சு." அவள் குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. "எங்க உட்கார்ந்து சாப்பிட்டீங்க?"

மெக்கானிக் தலையைத் தூக்கினார். மனைவியைப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் முதல் தடவையாகத் தம்பியை நேருக்கு நேர் பார்த்தார்.

"என்னை ஏன் கேக்கற? அவனைக் கேளு. ரெண்டு நாளும் கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன்தானே."

லேபக்கா கொழுந்தன் பக்கம் திரும்பினாள். அவன் மறுக்கவில்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. ஏப்ரலில் அவன் ஸ்டோர் வேலைக்குப் போவதாகச் சொல்லித்தான் போனான். மேயிலும் அப்படித்தான்.

"எங்கடா போனீங்க ரெண்டு பேரும்?"

"அண்ணி, அந்தப் பென்டிரைவை இப்படிக் குடுங்க. அப்புறம் எல்லாத்தையும் சொல்றேன்."

"குடும்மா," என்று மெக்கானிக்கும் எழுந்து வந்தார். "நம்ம நல்லதுக்குத்தான் கேக்கறோம்."

ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டோம் என்று இருந்த அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவள் முன்னால் கை நீட்டினார்கள். ஒரே வீட்டுக் கைகள், ஒரே மாதிரிதான் இருந்தன.

நொறுங்கிய கணுக்கால்களோடு அந்த முப்பத்தொரு வயசுக்காரி எந்த வார்டில் படுத்திருப்பாளோ! லேபக்கா மடக்கிய விரல்களைப் பிரிக்கவில்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குத்தானே?" என்றாள். "நானும் வர்றேன்."